அக்னி மூலையில் ஓர் எஞ்சின்

ஜூலை 17, புதன். ஆடி பிறப்பு

இடது காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈரோட்டில் பாதி வீடுகளைக் கட்டிக் கொடுத்த கான்ட்ராக்டர் சென்னியப்பனாகிய நான் (பாதி என்பது என் கணக்கு, கால்வாசிகூட வராது என்பார் என் சகலை, அவரை யார் கேட்டது) மல்லாந்து கிடந்து மின்விசிறிக்கு எத்தனை இறக்கை என்று சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றுதான். காலையிலிருந்து மாறவில்லை.

பார்க்க வந்தவர்களிடம் சாரத்திலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னேன். மத்தியானம் வந்தவர்களுக்கு, தவறி விழப்போன கொத்தனாரைப் பிடிக்கப் போய் விழுந்ததாக. சாயங்காலத்துக்குள் கொத்தனார் இரண்டு பேராகிவிட்டார். காபி கொண்டுவந்த என் சம்சாரம் தெய்வானை, "அந்த ரெண்டு பேரும் பரணுல அதிரச டப்பாவுக்குள்ள இருந்தாங்களாக்கும்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

சர்க்கரை வியாதிக்காரன் இருக்கும் வீட்டில் அதிரசத்தைப் பரணில் ஏற்றி வைத்தது யார் தப்பு? இந்த நாட்குறிப்பை அவள் படிப்பாள் என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

ஜூலை 19, வெள்ளி

மகள் நித்திலா கோயமுத்தூரிலிருந்து வந்தாள். தனியாக.

"மாப்பிள்ளை வரலியா கண்ணு?"

"வேலைப்பா."

வேலையாவது ஒன்றாவது. மாப்பிள்ளை சிபிநாதன் பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். சரவணம்பட்டியில் மகளுக்கு நான் கொடுத்த மனையில் வீடு கட்ட அவரே பிளான் போட்டு, வைகாசியில் விருந்துக்கு வந்தபோது எடுத்து வந்தார். பார்த்தேன். சமையலறை வடகிழக்கில்! ஈசானிய மூலையில் அடுப்பு வைப்பது தண்ணீர்த் தொட்டிக்குள் தீக்குச்சி கிழிக்கிற மாதிரி. தென்கிழக்கில் அக்னி மூலை என்று ஒன்று எதற்கு இருக்கிறது? "இந்த அடுப்புல பால்கூடப் பொங்காதுங்க மாப்பிள்ளை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மனுஷன் இலையில் ஊற்றிய கறிக்குழம்பு ஊற்றியபடி கிடக்க எழுந்து கை கழுவிவிட்டார்.

அன்றோடு பேச்சு இல்லை. எங்கள் பக்கம் மாமனார் மாப்பிள்ளையைத் திட்டக் கூடாது. மாப்பிள்ளை மாமனாரை எதிர்த்துப் பேசக் கூடாது. வாங்க, போங்க, சாப்பிடுங்க. கட்டிப் புரண்டு சண்டை போட்டால்தானே சமாதானம் ஆக முடியும்? நாங்கள் இருவரும் மரியாதைக்குள் மாட்டிக்கொண்டோம்.

சாப்பிடும்போது நித்திலா இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "புனேவுல வேலைக்குக் கூப்பிடறாங்கப்பா அவர. ஆவணி பொறந்ததும் பதில் சொல்லோணும். வீடு கட்டறதுன்னா இங்க இருப்போம். இல்லீன்னா கிளம்பிருவோம்."

"போனா போகட்டும்" என்றேன். புனேயில் தேங்காய் சரியில்லை என்று கேள்வி. எனக்கு இருக்கிற கவலை அது ஒன்றுதான்.

ஊருக்குப் போகும் முன் அவளுடைய பழைய லேப்டாப்பை என் வயிற்றின்மேல் வைத்து ஒரு விளையாட்டைத் திறந்து கொடுத்தாள். "இதுல ராக்கெட் கட்டலாம்ப்பா. உங்க இஷ்டத்துக்குக் கட்டுங்க, யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா இந்த சர்வருக்குள்ளதான் போகோணும். இங்கதான் தமிழ்க்காரங்க இருப்பாங்க." விளையாட்டில் எனக்குப் பெயர் 'மின்னல்'. கால் ஒடிந்தவனுக்கு இந்தப் பெயர் வைத்தது அவள் குசும்பு. அம்மாவிடமிருந்து வந்தது.

ஜூலை 21, ஞாயிறு

ராக்கெட் பட்டறை மோசமில்லை. (நீளமாக ஏதோ ஆங்கிலப் பெயர் இருக்கிறது, நான் வைத்த பெயர் இது.) சுவர், தகடு, எஞ்சின், டேங்க் எல்லாம் கட்டை கட்டையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். எடுத்து ஒட்ட வேண்டியதுதான். மணல் விலை ஏறாது. சென்ட்ரிங் ஆள் லீவு போடமாட்டான். பாதிச் சுவர் எழும்பிய பிறகு வீட்டுக்கார அம்மா வந்து "பூஜை ரூம அப்பிடித் திருப்பினா என்னுங்க?" என்று கேட்கமாட்டார். இத்தனை வருஷமாக இந்த சொர்க்கம் எங்கே இருந்தது?

முதல் கப்பலை மத்தியானத்துக்குள் முடித்தேன். பெயர் 'பவானி எக்ஸ்பிரஸ்'. ஜன்னலுக்கு ஜன்னல் சன்ஷேடு. மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர். முகப்பில் திருஷ்டி பொம்மை. எஞ்சினை முடுக்கினேன். புகை வந்தது, நெருப்பு வந்தது, கப்பல் வரவில்லை.

சாயங்காலம்தான் விஷயம் பிடிபட்டது. பழக்க தோஷத்தில் அஸ்திவாரம் தோண்டி, கான்கிரீட் போட்டு, அதன்மேல் கப்பலைக் கட்டியிருக்கிறேன்.

தெய்வானை எட்டிப் பார்த்து, "ஏனுங்க, வீடு நல்லா இருக்குதே, யாரோடதுங்க?" என்றாள்.

ஜூலை 24, புதன்

இந்தத் தடவை அஸ்திவாரம் இல்லை. ஆனால் வாஸ்து இல்லாமல் கட்ட எனக்குக் கை வராது. கப்பலின் மூக்கு கிழக்குப் பார்த்து. தண்ணீர்த் தொட்டி வடகிழக்கில். காற்று டேங்க் வாயு மூலையில், அதாவது வடமேற்கு. எஞ்சின் என்றால் நெருப்பு, நெருப்புக்குத் தென்கிழக்கு. ஆகவே எஞ்சின் மூக்குக்குப் பக்கத்தில், வலது ஓரம். குடும்பத் தலைவனுக்குக் கன்னி மூலை, தென்மேற்கு. ஓட்டுநர் இருக்கையை அங்கே போட்டேன். அது கப்பலின் பின்பக்கம். ஓட்டுகிறவனுக்கு இரண்டு சுவரும் எஞ்சினின் முதுகும் தெரியும். போகிற வழி தெரியாது. முறை என்றால் முறைதான்.

ஜூலை 27, சனி. ஆடி பதினொன்று, வாஸ்து நாள்

நல்ல நாளாகப் பார்த்துக் கப்பலுக்குப் பூஜை போட்டேன். தெய்வானையைக் கெஞ்சி எலுமிச்சம்பழம், கற்பூரம், ஒரு கிண்ணம் குங்குமம் வாங்கினேன். கற்பூரம் காட்டும்போது புகைக்கு ஒரு தும்மல். குங்குமம் மொத்தமும் கீபோர்டின்மேல். இப்போது எந்த எழுத்தை அடித்தாலும் விரல் மங்களகரமாக வருகிறது.

கப்பல் கிளம்பியது. ஆனால் தீபாவளித் தரைச்சக்கரம் மாதிரி நின்ற இடத்தில் சுற்றியது. பிறகு சுற்றிக்கொண்டே மேலே போனது. திருஷ்டி பொம்மை பிய்த்துக்கொண்டு தனியாக வேறொரு கிரகத்துக்குப் போய்விட்டது.

அப்போதுதான் பக்கத்தில் இன்னொரு கப்பல் வந்து நின்றது. ஓட்டுபவன் பெயர் 'கரடி'. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தான்.

"யோவ், என்னய்யா அது? கிரைண்டரா?"

"கப்பல்."

"எஞ்சினக் கொண்டுபோய் எதுக்குய்யா மூஞ்சி ஓரத்துல வச்சிருக்க?"

"அது அக்னி மூலை."

கரடி தன் கப்பலில் என் கப்பலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பிறகு, "எந்த ஊரு பெருசு நீ?" என்றான்.

முன்பின் தெரியாதவர்களிடம் ஊரைச் சொல்லக் கூடாது என்பது நித்திலாவின் உத்தரவு. சேலம் என்று அடித்தேன். "அட, நானும் சேலந்தான்" என்றான். சேலத்தில் எந்தத் தெரு என்று அவனும் கேட்கவில்லை, நல்லவேளையாக நானும் கேட்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

தலை சுற்றல் நிற்கவில்லை. தோசை வட்டமாக இருந்தது. பார்க்க முடியாமல் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஜூலை 31, புதன்

கரடி தினமும் சாயங்காலம் வருகிறான். வந்ததும் திட்ட ஆரம்பிக்கிறான்.

"விண்வெளியில கிழக்கு எதுய்யா?"

"சூரியன் இருக்கிற பக்கம்."

"சூரியனச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டீன்னா?"

"அப்ப இந்தப் பக்கம் கிழக்கு."

"அப்ப உன்ற எஞ்சின் எந்த மூலையில இருக்குது?"

எனக்கு இருமல் வந்துவிட்டது. "இருமல் வந்துருச்சு, அப்பறம் சொல்றேன்" என்று அடித்தேன்.

பிறகு அவனே பொறுமையாகச் சொன்னான்: "இத பாரு பெருசு. எடை எங்க நடுவா நிக்குதோ அதுக்கு நேர் பின்னால இருந்து தள்ளோணும். ஓரமா நின்னு தள்ளுனா சுத்தத்தான் செய்யும்." அட, இது எனக்குத் தெரியாதா? தள்ளுவண்டியில் ஒரு பக்கமாகச் செங்கல் அடுக்கினால் வண்டி ஆளையே திருப்பிவிடுமே. எஞ்சினைப் பின்னால் நடுவில் மாற்றினேன். பவானி எக்ஸ்பிரஸ் முதல் தடவையாக நேராகப் போனது. நிலாவில் மோதியது என்பது வேறு விஷயம். நேராகப் போய் மோதியது.

"டேய் கரடி, பொடிப்பயலே, பிரேக் எங்கடா?" என்றேன். "விண்வெளியில ஏதுய்யா பிரேக், வெளங்காதவனே" என்றான். கான்ட்ராக்டர் ஆன நாளிலிருந்து என்னை யாரும் யோவ் போட்டதில்லை. என்ன சுகம்! வெந்நீரில் குளித்த மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

தெய்வானை எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு எல்லாம் கிளறினாள். மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்று பீர்க்கங்காய்த் தோல் துவையலும் அரைத்து, கோயமுத்தூர் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்பினாள். மாமியாருக்குப் பேச்சு நிற்கவில்லை, எனக்குத்தான் நின்றிருக்கிறது.

சாயங்காலம் கரடியின் கப்பலுக்குக் கதவு பொருத்திக்கொண்டிருந்தோம். நடுவில், "இரு பெருசு. பீர்க்கங்காய்த் தோல் துவையல் வந்திருக்குது. தின்னுட்டு வாரேன்" என்று போய்விட்டான்.

பீர்க்கங்காய் என்ன எங்கள் வீட்டில் மட்டுமா காய்க்கிறது? சேலத்திலும் காய்க்கும். கரடி யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. தெரிந்துவிட்டால் 'டேய்' போட முடியாது.

ஆகஸ்ட் 7, புதன்

கூரைக்குத் தகடு ஒட்டும் வேலை. கை வேலை செய்தால் வாய் சும்மா இருக்காது.

"எனக்கு ஒரு மாப்பிள்ளை இருக்கான்டா கரடி" என்றேன். "அடுப்ப எங்க வைக்கோணும்னு சொன்னதுக்கு இலையில பாதியில எந்திரிச்சவன்."

"எனக்கு ஒரு மாமனாரு இருக்காரு" என்றான் கரடி. "மாப்பிள்ளை எந்திரிச்சது அடுப்புக்குத்தான்னு இன்னும் நெனச்சுட்டு இருக்கறவரு."

"பின்ன எதுக்காம்?"

பதில் துண்டு துண்டாக வந்தது. "தெனமும் வேலை முடிஞ்சு வந்து உக்காந்து பிளான் போட்டேன் பெருசு. கம்ப்யூட்டர்ல இல்ல, பென்சில்ல. காலைல அவ காபி குடிக்கறப்ப வேப்பமரம் தெரியோணும்னு அடுப்பங்கரைய அந்தப் பக்கம் வச்சேன். கொண்டுபோய்க் குடுத்தா, மனுஷன் ஒரு பார்வை பாத்துட்டு, அத அப்பிடியே இலைக்குப் பக்கத்துல விரிச்சு, அதுமேல கறிக்கொழம்புக் குண்டாவத் தூக்கி வச்சாரு. சுடச்சுட."

"சைட்டுல பிளான்மேலதான்யா சாப்பிடுவோம்" என்று அடித்தேன். "டீ, வடை, பொட்டலச் சோறு எல்லாம். எங்க தொழில்ல அது மேஜை விரிப்பு. அவமானப்படுத்தோணும்னு யாரும் வைக்கறதில்ல."

"அவரு அப்பிடிச் சொல்லவே இல்லையே."

"வச்சதே அவருக்கு ஞாபகம் இருந்திருக்காது."

"அது இன்னும் மோசம்."

கரடியின் மாமனார் யாரோ எவரோ. ஆனால் வடிகட்டின முட்டாள் என்று மட்டும் தெரிகிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

கால் வலி. கம்ப்யூட்டர் திறக்கவில்லை. கம்ப்யூட்டரைக் காலாலா தட்டுகிறீர்கள் என்று தெய்வானை கேட்டாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

"வைகாசி விருந்துல கொழம்புக் குண்டாவ எதுமேல வச்சேன்?" என்று தெய்வானையிடம் கேட்டேன்.

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்" என்றாள். "நானும் அந்தப் பேப்பரப் புடிச்சு இழுத்து இழுத்துப் பார்த்தேன். நீங்க பால் பொங்காததப் பத்திப் பேசிட்டு இருந்தீங்க."

நித்திலாவுக்குப் போன் போட்டேன். "அம்மிணி, அந்தப் பிளான் இருக்குதா?"

"எதுக்குப்பா?"

"சும்மா. ஒரு ராக்கெட்டுக்கு."

மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம். கோயமுத்தூரில் சளி சீசன் போலிருக்கிறது. கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் எடுத்து உடனே அனுப்பினாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பிளானைப் பார்த்துச் சுவர் சுவராகக் கட்டுகிறேன். சமையலறை ஈசானியத்தில். கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிட்டேன்.

கோடு சுத்தமாக இருக்கிறது. என்னிடம் வேலை செய்த எந்த டிராப்ட்ஸ்மேனும் இப்படிப் போட்டதில்லை. கூடத்துக்கு மேலே வட்டமாக ஒரு கூரைத் திறப்புகூட வைத்திருக்கிறார். வட்டம் ஒரு பக்கம் தடித்து, ஓர் இடத்தில் வழிந்தாற்போல் இருக்கிறது. கலை வேலைப்பாடு. அந்த வழிசலையும் விடாமல் கட்டினேன்.

கன்னி மூலையில் ஓர் அறை. தலைவனுக்கான இடம், மாப்பிள்ளை தனக்கு வைத்துக்கொண்ட படுக்கையறையாக இருக்கும் என்று பார்த்தால் உள்ளே சின்ன எழுத்தில் 'மாமா, அத்தை' என்று எழுதியிருக்கிறது. அன்றைக்கு நான் அடுப்பைத் தாண்டிப் பார்க்கவில்லை.

கண்ணில் குங்குமம் பட்டுவிட்டது. இந்தக் கீபோர்டை யாராவது துடைத்துத் தொலைத்தால் தேவலை.

ஆகஸ்ட் 16, வெள்ளி. ஆடிக் கடைசி

விடிந்தால் ஆவணி. விடிந்தால் புனேவுக்குப் பதில். சாயங்காலம் கப்பலைக் கிளப்பிக் கரடி முன்னால் நிறுத்தினேன். நேராகப் பறந்தது, மோதாமல் நின்றது.

கரடி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"பெருசு. இது வீடு."

"கப்பல்."

"அடுப்பங்கரை ஈசானியத்துல இருக்குது."

"பறக்குதில்ல?"

உள்ளே போய்ப் பார்த்தான். கன்னி மூலை அறையில் ரொம்ப நேரம் நின்றான். பிறகு கூடத்துக்கு வந்தான்.

"கூரையில என்னய்யா ஓட்டை?"

"வெளிச்சத்துக்கு. பிளான்லயே இருக்குது."

"பிளான்ல அப்பிடி ஒண்ணும் இல்ல."

"இருக்குதுடா. வட்டமா, ஒரு பக்கம் வழிஞ்ச மாதிரி."

"யோவ்! அது கறிக்கொழம்பு!"

ஒரு சேலத்துக்காரன் பிளானில் குழம்பு எங்கே சிந்தியது என்று இன்னொரு சேலத்துக்காரனுக்கு எப்படித் தெரியும்? அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஓட்டை வழியாக ஏதோ ஒரு சூரியனின் வெளிச்சம் இறங்கிக் கூடத்தில் கோணல் வட்டமாக விழுந்திருந்தது.

"வெளிச்சம் நல்லாத்தான் வருது" என்றான் கரடி.

"கெடக்கட்டுமா?"

"கெடக்கட்டும்." பிறகு, "பெருசு, பால் பொங்குமா?"

"பொங்கும்டா" என்று அடித்தேன்.

அதற்குள் ஓட்டை வழியாகக் காற்றெல்லாம் வெளியேறி திரையில் எங்களுக்காக நிற்கும் இரண்டு பொம்மைகளும் மூச்சு முட்டிச் செத்துப்போயின. இவ்வளவு சந்தோஷமாக நான் செத்ததில்லை.

ஆகஸ்ட் 17, சனி. ஆவணி பிறப்பு

காலையில் மாப்பிள்ளை போன் செய்தார்.

"மாமா, கால் எப்பிடி இருக்குதுங்க?"

"பரவால்லீங்க மாப்பிள்ளை."

"ஆவணி ஆறு வாஸ்து நாளுங்களாம். பூமி பூஜை போட்டுக்கலாங்களா?"

"போட்டுக்கலாங்க."

"புனேவுக்கு வரலைன்னு சொல்லிட்டேனுங்க."

"அங்க தேங்காய் சரியில்லீங்க மாப்பிள்ளை."

"ஆமாங்க மாமா."

இருவரும் போனை வைத்துவிட்டோம். மரியாதை திரும்பிவிட்டது.

விஷயம் தெரிந்து சகலை ஓடிவந்தார். "ஈசானியத்துல அடுப்பா? நீங்களா ஒத்துக்கிட்டீங்க?" இது ராக்கெட் வாஸ்து, இப்போதுதான் வந்திருக்கிறது என்றேன். வாயைத் திறந்தபடி போனார். நாளைக்குள் ஊர் முழுக்கப் பரப்பிவிடுவார்.

ஆகஸ்ட் 22, வியாழன். ஆவணி ஆறு

கட்டோடு காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பூஜை நன்றாக நடந்தது. நித்திலா வேப்பமரத்தடியில் நின்று, அங்கேயே காபி குடிக்கப்போகிறவள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

புதுப் பிளானைப் பார்த்த மேஸ்திரி மாரப்பன், "ஏனுங்க, கூடத்துக்கு மேல இந்த வட்டம் எதுக்குங்க? ஒரு பக்கம் வழிஞ்சாப்பல இருக்குதே" என்றார்.

"டிசைனுங்க" என்றார் மாப்பிள்ளை, வானத்தைப் பார்த்து.

"வெளிச்சத்துக்கு" என்றேன் நான், பூமியைப் பார்த்து.

"கறிக்கொழம்புக்கு" என்றாள் தெய்வானை.

மத்தியானம் மனையிலேயே சாப்பாடு. சாம்பார்க் குண்டாவைத் தூக்கி வந்தவர்கள் மண்ணில் எங்கே வைப்பது என்று முழித்தார்கள். மாப்பிள்ளை எழுந்து போய்ப் பிளானை எடுத்து வந்து, என் இலைக்குப் பக்கத்தில் விரித்து, நான்கு முனையிலும் கல் வைத்தார்.

"இதுமேல வைக்கச் சொல்லுங்க மாமா."

குண்டாவைக் கை காட்டி நிறுத்தினேன்.

"மேஜை விரிப்புதானுங்களே" என்றார்.

"ஆமாங்க மாப்பிள்ளை" என்றேன்.

(ஜெராக்ஸ்தான். ஒரிஜினலைக் காரில் பூட்டி வைத்திருந்தார். படித்த பிள்ளை.)

ஆகஸ்ட் 23, வெள்ளி

"யோவ் பெருசு, நேத்து எங்க போய்த் தொலஞ்ச?"

"ஒரு பூமி பூஜை. நீ?"

"எனக்கும் ஒரு பூமி பூஜை."

"மாமனாரு வந்தாரா?"

"ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு மேஸ்திரிய வெரட்டிட்டு இருந்தாரு. உன்ற மாப்பிள்ளை?"

"ரெண்டு தடவ ரசம் வாங்கிக் குடிச்சான். எந்திரிக்கவே இல்ல."

"சரி சரி, வேலையப் பாரு. எஞ்சின மறுபடியும் அக்னி மூலைக்கி நகத்திட்டியா?"

"இல்லடா."

"பெருசு."

"கொஞ்சூண்டு."

பவானி எக்ஸ்பிரஸ் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.